கீழ்வீட்டு ஹால்

நவஜோதி அபார்ட்மென்ட்டில் யார் செத்தாலும் பவுலின் வீட்டு ஹாலில்தான் கிடத்துவார்கள். எழுதாத சட்டம் அது. கட்டிடத்தைக் கட்டிய புண்ணியவான் மாடிப்படித் திருப்பத்தை அப்படிக் குறுக்கிக் கட்டியிருந்தான். பீரோ ஏற்றுவதென்றாலே கயிறு கட்டி பால்கனி வழியாக இழுக்க வேண்டும், சவப்பெட்டி எங்கே திரும்பும்? முதல் சாவு மூன்றாவது மாடி பிரிஜெட் அம்மாவுடையது. பெட்டியைச் செங்குத்தாக நிமிர்த்தித்தான் திருப்பத்தில் இறக்கினார்கள். பாவம், அந்த அம்மா உள்ளே நின்றபடியே இறங்கினாள். பார்த்த சனங்களுக்கு அன்றைக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. பவுலின்தான் சொன்னாள், "இனிமே யாரா இருந்தாலும் துணியில புடிச்சுக் கீழ கொண்டு வந்து எங்க ஹால்ல வச்சுருங்க. பெட்டி இங்கயே வரட்டும்."

சொன்னாலும் சொன்னாள், அதோடு அந்த ஹால் பொது ஹால் ஆகிவிட்டது. மேலே ஒரு அழுகைச் சத்தம் கேட்டால் போதும், பவுலின் சோபாவை பெட்ரூமுக்குத் தள்ளுவாள், டிவியைத் துணி போட்டு மூடுவாள், தரையைத் துடைத்துவிட்டுக் காத்திருப்பாள். அவள் புருஷன் மதலைமுத்து முணுமுணுப்பார். "நம்ம வீடு என்ன டவுன் ஹாலா? நாளைக்குக் கல்யாணத்தையும் இங்கயே வச்சுக்கச் சொல்லேன்." வாய்தான் அப்படி. முதல் ஆளாகக் கதவைக் கழற்றுகிறவரும் அவர்தான். ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த மனுஷன். பெட்டி வந்து போகிற வாசல் என்று ஆனபிறகு கீல்களையே மாற்றி, மேல்நோக்கித் தூக்கினால் கதவு கையோடு வந்துவிடுகிற மாதிரி செய்து வைத்திருந்தார். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அப்படி ஒரு ஜென்மம்.

ஒக்கலிபுரத்திலிருந்து வருகிற அக்கா ஆஞ்சலா முகத்தைச் சுளிப்பாள். "பொணம் வச்ச எடத்துல உக்காந்து எப்படிடீ சோறு திங்கிறே?"

"ஃபினாயில் போட்டுக் கழுவிட்டுத்தான் திங்கிறேன்" என்பாள் பவுலின்.

எந்தச் சாதி, எந்த வேதம் என்று பார்க்காத ஹால் அது. இந்துக்கள் என்றால் தலை தெற்கே, தலைமாட்டில் விளக்கு. நம்ம கிறிஸ்தவ சனங்கள் என்றால் கால் வாசலைப் பார்த்து, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. எண்ணெய், திரி, வத்தி, பன்னீர் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் அவளிடம் எப்போதும் தயார். யாரை எங்கே உட்கார வைப்பது என்பதும் அவள் கணக்குத்தான். ஆம்பிளைகள் வெளியே பார்க்கிங்கில். சொந்தக்காரப் பெண்கள் வலது சுவரோரம். செத்தவரின் பெண்டாட்டிக்கு மட்டும் தலைமாட்டுக்குப் பக்கத்தில், ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்தபடி இடம். அங்கேதான் கொஞ்சம் காற்று வரும். அந்தப் பெண்ணின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தலையணையைச் செருகிவிட்டு பவுலின் சமையலறை வாசலில் போய் நின்றுகொள்வாள், கையில் டீத் தட்டோடு. இரண்டாவது மாடி ஜகதாம்பாளின் புருஷன் போனபோதும் அப்படித்தான். ஜகதாம்பாள் அன்று முழுக்க அந்தத் தலையணையில் சாய்ந்துகொண்டு சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டிடத்துக்கும் வயதாயிற்று. சீலிங் காரை பெயர்ந்து சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது. மழைக்குச் சுவரெல்லாம் பாசி. பக்கத்தில் எல்லாம் கண்ணாடி போட்ட கட்டிடங்கள் முளைத்துவிட்டன. அப்புறம் பில்டர்கள் வந்தார்கள். பழசை இடித்துவிட்டு அதே இடத்தில் பதினான்கு மாடி. பழைய ஆட்களுக்கு ஆளுக்கொரு புது வீடு, அதுவும் பழசைவிடப் பெரிசு. மிச்சத்தை பில்டர் விற்றுக்கொள்வார். கட்டி முடிக்கிறவரை வெளியே இருக்க வாடகையும் அவரே தருவார். ரிடயரான சனங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பார்க்கிங்கில் நாற்காலி போட்டு மீட்டிங் நடந்தது. சொசைட்டி செக்ரட்டரி தேசிகன் மைக் பிடித்தார். ஒருவர் மாடுலர் கிச்சன் கேட்டார், ஒருவர் ஜிம் கேட்டார், ஒருவர் கார் சார்ஜ் பண்ண பாயின்ட் கேட்டார். பவுலின் கடைசியாக எழுந்தாள்.

"லிஃப்ட்ல பெட்டி நிக்குமா?"

"எந்தப் பெட்டி மேடம்?" என்றார் ஆர்க்கிடெக்ட்.

"சவப்பெட்டிதான்."

பார்க்கிங்கே சிரித்தது. மதலைமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். தேசிகன்கூட மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "பவுலின் மேடம், நல்ல காரியம் பேசறச்சே ஏன் இதெல்லாம்?" என்றார். ஆர்க்கிடெக்ட் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் ஒன்று உண்டு, படுக்க வைத்தபடியே இறக்கலாம் என்று படத்தைக் காட்டினார். பவுலின் பார்த்தாள், திருப்தியாக உட்கார்ந்தாள், கையெழுத்துப் போட்டாள். இழுத்தடித்துக்கொண்டிருந்த மதலைமுத்துவையும் போட வைத்தாள்.

"சரிதான், இனி நம்ம ஹால் நமக்கே" என்றார் அவர். "பழைய ஹால்ல ஊர்ல இருக்கிற எல்லாரும் செத்தாச்சு. நான் புதுசுலதான் சாவேன், பாத்துக்கோ."

"வாயக் கழுவுங்க" என்றாள் அவள்.

குலுக்கலில் புதுக் கட்டிடத்தின் ஒன்பதாவது மாடி விழுந்தது. மகன் லாயிட்டுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. இன்னும் கல்யாணம் ஆகாதவன். அவன் ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய காம்ப்ளெக்ஸில் வாடகைக்குப் பார்த்தார்கள். சாமான் கட்டும்போது அந்த பிஸ்கட் டப்பாவை என்ன செய்வது என்று யோசித்துவிட்டு பவுலின் கொண்டுபோய் ஜகதாம்பாளிடம் கொடுத்தாள். "நான் ஊரு கடைசிக்குப் போறேன். நீங்க இங்கயே பக்கத்துலதான வீடு பாத்திருக்கீங்க, வச்சிருங்க."

புது இடத்தில் மதலைமுத்து பால்கனியில் நின்று மேம்பாலத்தில் போகிற வண்டிகளைப் பார்ப்பார். பேச ஆள் கிடையாது. அக்டோபரில் ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

பவுலினுக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே காபி மிஷின் கப் கப்பாகப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு நர்ஸ் வந்து கையைப் பிடித்தாள். தாங்க்ஸ் என்றாள் பவுலின். லாயிட் போனில் பேசினான், அழுதான், மறுபடி பேசினான். ஃபாதர் நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பூசை சொல்லிவிட்டார். அதுவரை மார்ச்சுவரியில் வைத்துக்கொள்வார்கள். காலையில் வீட்டுக்குக் கொண்டு போகலாம்.

வீட்டுக்கு. அந்த வார்த்தை வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

லாயிட் வீட்டு ஓனருக்கு போன் பண்ணினான். நல்ல மனுஷர்தான். முதலில் உண்மையாகவே வருத்தப்பட்டார். அப்புறம் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். "தப்பு திள்கோபேடிம்மா" என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? புது வீடு, கிரகப் பிரவேசம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவர் வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், அசோசியேஷன்காரர்களும் லிஃப்டில் ஏற்ற விடமாட்டார்கள். பவுலின் எல்லாவற்றுக்கும் "ஹௌது, ஹௌது" என்று தலையாட்டினாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுகிற ஆள் எங்கேயோ வெளியே போயிருந்த மாதிரி இருந்தது.

நவஜோதி வாட்ஸ்ஆப் குரூப்பில் கைகூப்புகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. பிரிஜெட் அம்மாவின் மகன் டிரேவர் போன் பண்ணினான். "ஆன்ட்டி, எங்க வீட்டுக்குன்னு சொல்லத்தான் ஆசை. எங்க ஓனர் நாய் வளக்கறதுக்கே ஒத்துக்கல." தேசிகனும் பண்ணினார். அவர் இருப்பது மச்சினன் வீட்டு மாடியில். ஆஞ்சலாவின் வீடு சந்துக்குள் ஒற்றை அறை, கட்டில் போட்டால் கதவு திறக்காது. எல்லாருமே வாடகைக்காரர்கள், எல்லாருமே ஒண்டிக்கொண்டிருக்கிறவர்கள். யாரை நொந்து என்ன?

"மம்மி, இப்பல்லாம் நிறைய பேர் நேரா சர்ச்சுக்கே எடுத்துட்டுப் போயிடறாங்க" என்றான் லாயிட். "மூணு மணிக்கு மார்ச்சுவரிலேர்ந்து எடுத்தா, நாலு மணிக்குக் கோயில். சிம்பிளா முடிஞ்சிரும்."

பவுலின் காபி மிஷினையே பார்த்தாள். "வீடு வாசல் இல்லாதவரா உங்கப்பா? ஊர்ல செத்தவங்கள எல்லாம் நம்ம வீட்டுல வச்சு அனுப்பிச்சவரு. அவரு வீட்டுலேர்ந்துதான் போகணும்."

"எந்த வீட்டுலேர்ந்து மம்மி?"

"நம்ம வீட்டுலேர்ந்துதான். இன்னும் இடிக்கலையே."

நவஜோதியைச் சுற்றி நீலத் தகரம் அடித்திருந்தார்கள். உள்ளே கதவுகள், ஜன்னல் கம்பிகள், வாஷ் பேசின்கள் எல்லாம் குப்பலாகக் கிடந்தன. பழைய சாமான் எடுக்கிறவன் முதலில் அதைத்தானே உருவுவான். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நன்றாகக் கழுவித் துடைத்த ஒரு ஜேசிபி. சைட் இன்சார்ஜ் பாலகுமார் அதன் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்ட ஆள்களை ஏவிக்கொண்டிருந்தான். மறுநாள் ஆயுத பூஜை.

விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. "மேடம், பொசெஷன் குடுத்தாச்சு. இனிமே இது சைட்டு, வீடு இல்ல. உள்ள கதவு இல்ல, ஜன்னல் இல்ல, கரண்ட் இல்ல, தண்ணி இல்ல."

"செத்தவருக்கு இதெல்லாம் எதுக்குப்பா?"

லாயிட் நடுவில் புகுந்து, அக்ரிமென்ட், லீகல் என்று ஆங்கிலத்தில் ஏதோ பேச ஆரம்பித்தான். பாலகுமார் விறைத்துக்கொண்டான். "அப்போ ஆபீஸ்ல பேசிக்கங்க சார். நாலு நாளு லீவு, திங்கக்கிழமைதான் தொறப்பாங்க."

"லாயிட், நீ சும்மா இரு" என்றாள் பவுலின்.

பாலகுமார் அவளைத் தனியாகத் தள்ளிக் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு மிஷினுக்குப் பூஜை போடறோம்மா. பூஜை அன்னைக்குப் பொணம் வந்துச்சுன்னா மேஸ்திரிங்க வேலைக்கே வரமாட்டாங்க. என் தலைதான் உருளும்."

பவுலின் வாழைக்கன்றைப் பார்த்தாள். அவன் சொல்வதும் நியாயம்தான் என்று பட்டது. இந்த ஒரே நாளில் எத்தனை நியாயங்களைக் கேட்டாயிற்று! "உனக்கு எந்த ஊருப்பா?"

"அரூர் பக்கம்மா."

"உங்க ஊர்ல, ஆஸ்பத்திரியில செத்துட்டா எங்க கொண்டு போவாங்க?"

"வீட்டுக்குத்தான்" என்றான் பாலகுமார் சட்டென்று. "வேற எங்க…" கையில் வாழைநார் இருந்தது. அதை விரலில் சுற்றினான், பிரித்தான், மறுபடியும் சுற்றினான்.

"எட்டு மணிக்குப் பூஜை முடிஞ்சிரும். பொரி, சுண்டல் குடுத்து எல்லாரையும் அனுப்பிட்டு நானும் ஊருக்கு பஸ் ஏறிடுவேன். வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பான். நான் ஒண்ணும் பாக்கல, எனக்கு ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் தண்ணி கொண்டாந்து ஊத்திக் கழுவி விட்டுருங்க."

"அது எனக்குப் பழக்கம்தான்" என்றாள் பவுலின்.

மறுநாள் காலையில் ஆம்புலன்ஸ் நீலத் தகரத்துக்குள் நுழைந்தது. ஜேசிபி சாமந்தி மாலையும் குங்குமமுமாக நின்றது. வாசலில் உடைத்த பூசணிக்காயை வாட்ச்மேன் காலால் ஓரம் தள்ளி வழிவிட்டான். லாயிட்டும் டிரேவரும் இன்னும் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். வாசல்படியில் பவுலின் கையை உயர்த்தினாள். "இருங்க, கதவைக் கழட்டணும்." வாசலில் கதவே இல்லை. கீல் இருந்த இடத்தில் நிலையில் நாலு ஓட்டைகள். அவளே, "ஆமா, சரி, வாங்க" என்றுவிட்டு உள்ளே நடந்தாள்.

அதற்குப்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கால் வாசலைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இடது பக்கம், ஆ, அப்படித்தான். டிரேவர், மெழுகுவர்த்தி சாயுது பாரு. தேசிகன் சார், ஆம்பிளைங்களுக்கு பார்க்கிங்ல நாற்காலி போட்டாச்சா? ஜன்னலில் கதவும் கம்பியும் இல்லாததால் வெளிச்சம் கொட்டியது. சோபா இருந்த இடமும் காலண்டர் இருந்த இடமும் சுவரில் வெள்ளையாகத் தெரிந்தன. சனங்கள் வரத் தொடங்கினார்கள். ஹொரமாவிலிருந்து, கே.ஆர். புரத்திலிருந்து, அத்திபெலேயிலிருந்துகூட, எங்கெங்கோ சிதறி வாடகைக்கு இருந்தவர்கள் எல்லாம் வந்தார்கள். ஐந்து மாதத்தில் ஒருத்தரையொருத்தர் பார்க்காதவர்கள். வந்தவர்கள் யாரும் வழி கேட்கவில்லை, எங்கே உட்காரலாம் என்றும் கேட்கவில்லை. ஆம்பிளைகள் பார்க்கிங்கில் நின்றார்கள், பெண்கள் வலது சுவரோரம் போய் உட்கார்ந்தார்கள். செபமாலை ஆரம்பமாயிற்று. ஆஞ்சலா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பவுலின் போய் அவள் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இவ்வளவு நேரத்தில் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை இருக்கிறதே.

இத்தனை பேர் வந்திருக்கிறார்கள், ஒரு வாய் டீ கொடுக்க வேண்டாமா? பவுலின் சமையலறைக்குள் போனாள். மேடைக் கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். அடுப்பு இருந்த இடத்தில் செங்கல் தெரிந்தது. குழாயைப் பிடுங்கிவிட்டுச் சுவரில் ஒரு பிளாஸ்டிக் மூடி அடைத்திருந்தார்கள். அந்த மூடிக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்தியபடி அவள் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ, அவளுக்கே தெரியாது.

"பவுலின், இங்க என்ன பண்றீங்க?" பின்னாலிருந்து ஜகதாம்பாள்.

"டீ போடணும். சனங்க வந்திருக்காங்கல்ல."

"டீ ஃபிளாஸ்க்ல கொண்டாந்துட்டேன். நீங்க வாங்க."

பவுலின் ஹாலுக்கு வந்தாள். வந்தவள், கால் பழகிய இடம்தானே, சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு ஹாலை ஒரு பார்வை பார்த்தாள். கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. வயதான இரண்டு பேருக்கு உட்கார இடமில்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். தலைமாட்டுக்குப் பக்கத்தில், ஜன்னலுக்குக் கீழே மட்டும் ஒரு பாய் விரித்தபடி காலியாகக் கிடந்தது. தலைமாட்டிலிருந்த மெழுகுவர்த்திக்குக் கீழே அவளுடைய பழைய பிஸ்கட் டப்பா.

பவுலினுக்கு எரிச்சல் வந்தது. நேற்றிலிருந்து வந்த முதல் உணர்ச்சி அதுதான். "அங்க யாராவது போய் உக்காருங்களேன். ஏன் காலியா விட்டு வச்சிருக்கீங்க? காத்து வர்ற எடம் அது."

செபமாலை பாதியில் நின்றது. ஆஞ்சலா அழுகையை நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்தாள். லாயிட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜகதாம்பாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அது உங்க எடம் பவுலின்."

பவுலின் அவளைப் பார்த்தாள். பிறகு காலி இடத்தைப் பார்த்தாள். எத்தனை பேரைக் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறாள்! இந்த ஜகதாம்பாளையே அல்லவா! ஆனால் அவள் ஒருநாள்கூட அங்கே உட்கார்ந்தது கிடையாது. சும்மா இருக்கும்போது, டிவி பார்க்கும்போதுகூட உட்கார்ந்ததில்லை.

ஜகதாம்பாள் கூட்டிக்கொண்டு போனாள். பெண்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். பவுலின் மெதுவாகப் பாயில் இறங்கி உட்கார்ந்தாள், சுவரில் முதுகை வைத்தாள். அங்கிருந்து பார்த்தால் ஹாலே வேறு மாதிரி இருந்தது. நேர் எதிரே சமையலறை வாசல்தான் தெரிந்தது. அங்கே ஒருத்தரும் நிற்கவில்லை. பக்கத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில், அவர் முகம். சவரம் செய்துவிட்டவன் மீசையை ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகக் குறைத்துவிட்டிருந்தான். இருந்திருந்தால் வீட்டையே இரண்டு பண்ணியிருப்பார்.

"என்னங்க" என்றாள் பவுலின். "வீட்டுக்கு வந்துட்டோங்க."

அவ்வளவுதான். அதற்குமேல் அவள் கையில் ஒன்றும் இல்லை. வயிற்றிலிருந்து கிளம்பிய குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. கதவில்லாத வாசல் வழியாக வெளியேறி, அந்தக் குறுகல் படிக்கட்டில் திரும்பித் திரும்பி ஏறி, மேலே ஆளில்லாத ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போனது. பார்க்கிங்கில் நின்ற ஆம்பிளைகள் தலை குனிந்துகொண்டார்கள்.

ஜகதாம்பாள் தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து நாலாக மடித்தாள். பவுலினின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே அதைச் செருகினாள். பிறகு ஃபிளாஸ்க்கையும் பேப்பர் கப்புகளையும் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றாள்.